தலையணைக்கு ஜப்பானில் என்ன பெயர்?

"பில்லோ," என்றார் மொரிதா.

ரோசம்மா அக்காவின் கையிலிருந்த சாம்பார்க் கரண்டி நடுவழியில் நின்றது. என் இட்லிக்கு வரவேண்டிய ஒரு சொட்டு மேசைவிரிப்பில் விழுந்து வட்டமாகப் பரவியது. சமையற்கட்டுக்கு அப்பால் ரயில் ஒன்று பெட்டிகளைக் கோத்துக்கொண்டிருந்தது. டங், டங், டங். இருட்டில் இரும்பு இரும்பைத் தேடிக் கண்டுபிடிக்கும் சத்தம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் விடிவது அந்தச் சத்தத்தில்தான்; சேவல் கூவுவது அதற்குப் பிறகு.

மொரிதாவின் தலை இடது தோளை நோக்கிச் சாய்ந்திருந்தது, பருந்தின் நிழலை ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கோழியைப் போல. நிமிர்த்தப் பார்த்தார். முடியவில்லை. சாய்ந்த தலையோடே எழுந்தார், சாய்ந்த தலையோடே குனிந்து வணங்கினார்.

"பில்லோ. சாரி. மந்த் பினிஷ், ஐ கோ."

முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்ன தம்பி சொல்றாரு? போறாராமா?" என்றாள் அக்கா.

"மாசம் முடிஞ்சா போறாராம், அக்கா. தலையணைன்னாரு. மன்னிக்கணும்னாரு."

"தலையணைக்கு என்ன வந்துச்சு? என் கையால தைச்சது லா அது! புது இலவம்பஞ்சு. குட்நைட்டுன்னு பூவேலை வேற போட்டேன். ரெண்டு கிளி. கிளி மூக்குக்குச் சிவப்பு நூல் தேடி எத்தனை கடை ஏறினேன்!"

சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எதிர்ப்பக்கம் நின்ற பிரம்புக்காரன்

போன வாரம் இந்தப் பத்தியில் என்னோடு செந்தூல் மழையில் நனைந்தவர்களுக்கு ரோசம்மா அக்காவைத் தெரியும். இந்த வாரம்தான் ஏறியவர்களுக்காகச் சொல்கிறேன்: அவள் ரயில்வே கார்டு ஒருவரின் விதவை. கணவர் பச்சைக் கொடியை மடித்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிய பிறகு, வாடகை வீடொன்றைப் பிடித்து, கலியாணமாகாத உத்தியோகஸ்தர்களுக்கு அறையும் சோறும் கொடுத்து வாழ்ந்தாள். மாதாகோயில் பூசைக்கு மட்டும் வெள்ளைச் சேலை. மற்ற நாளெல்லாம் இடுப்பில் சாவிக்கொத்தும் வாயில் கட்டளையும்.

அப்போது ரப்பர் விலை விழுந்திருந்தது. எங்கேயோ ஒரு பால்மரத்தில் விலை விழுந்தால் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுத் தட்டு விழும் என்பதை நாங்கள் அந்த வருஷங்களில்தான் கற்றோம். கந்தோர் கந்தோராக, ஆபீஸ் ஆபீஸாக, ஆள்குறைப்பு. மேசையைச் சுற்றி முழங்கை இடிக்க உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். கடைசியில் மிஞ்சியது மூன்று தட்டு.

வீட்டுக்காரச் சீன முதலாளி, தாவுக்கே, நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சொல்லும் கெட்ட சேதிக்கு மருந்தில்லை. முன்னறை காலியாகவே கிடந்தால் வீட்டைப் பிரம்பு நாற்காலி செய்கிறவனுக்கு விட்டுவிட வேண்டியதுதான் என்றார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அந்தப் பிரம்புக்காரன் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் வந்து நின்று, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் போல வீட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போவான். வரும்போதெல்லாம் அக்காவுக்கு ஒரு கும்பிடு. அதுதான் அவளுக்குப் பொறுக்காது.

அந்த நேரத்தில் வந்தவர் மொரிதா. பல் வைத்தியர். கப்பலிலிருந்து இறங்கிய சூடு ஆறாமல், காலால் மிதித்துச் சுழற்றும் துளைக்கருவி ஒன்றோடும் சாயும் நாற்காலி ஒன்றோடும் வந்து, முன்னறையைத் தொழிலுக்கும் பக்கத்து அறையைத் தூக்கத்துக்கும் எடுத்துக்கொண்டார். கோலாலம்பூரில் அப்போது ஜப்பான்காரர் கடை வைப்பதும் படம் பிடிப்பதும் பல் பிடுங்குவதும் யாருக்கும் அதிசயமில்லை. மலாய் அவருக்கு இன்னும் வரவில்லை. இங்கிலீஷ், ஒரு நேரத்துக்கு ஒரு சொல் என்ற கணக்கில் வரும். நோயாளிகளுக்கு அது ஒரு குறையே இல்லை. "ஆ" என்பதற்கு எந்த பாஷையிலும் "ஆ" தான்.

தாவுக்கே சிரித்தார். பிரம்புக்காரன் இரண்டு ஞாயிறு வரவில்லை. அக்கா சாம்பாரில் முருங்கைக்காய் போட ஆரம்பித்தாள்.

இப்போது, பில்லோ.

சொல் வளர்ச்சிச் சபை

மிஞ்சிய மூன்று தட்டுகளுக்குப் பின்னால் இருந்தது ஒரு சபை. தலைவர் கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேக் கணக்குப் பகுதியில் பெரிய கிளார்க்கு. அவர் தலையசைத்தால் கோப்பு நகரும். செயலாளர் முனுசாமி, தந்தியடிப்பவன். அவனுடைய கோபமும் கட்டுக் கடகட என்றுதான் வரும். உறுப்பினர் நான். அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டு, திருத்த ஆளில்லாத வசன கவிதைகளை எழுதிக்கொண்டிருந்தேன்.

சபையின் பெயர் சொல் வளர்ச்சிச் சபை. ஞாயிறு காலையில் ஓர் இங்கிலீஷ்ச் சொல்லை எடுத்து வைப்போம்; மத்தியானச் சோற்றுக்குள் அதைத் தமிழாக்கிவிட வேண்டும். ஆக்கினோமோ இல்லையோ, நன்றியுரை உண்டு. பைசிக்கிளை எடுத்துக்கொண்ட கதையை இங்கே சொல்லாமல் விட முடியாது. சரியான தமிழ் கிடைக்கும்வரை அதில் ஏறுவதில்லை என்று கனகசபை சபதம் செய்தார். இருசுருளி, உருளூர்தி, மிதிபரி என்று மாதக்கணக்கில் வாதம் போயிற்று. பின்கட்டில் சாத்தியிருந்த அவருடைய பைசிக்கிள் பெயருக்குக் காத்திருந்து காத்திருந்து துருப்பிடித்தது. கந்தோருக்கு அவரைச் சுமந்துபோன ரிக்‌ஷாக்காரர் மட்டும் தமிழ் வளர்ச்சியால் நன்றாக இருந்தார்.

அன்று காலை மேசையில் அக்கா சொன்னதைக் கேட்டதும் கனகசபை கண்ணாடியைக் கழற்றினார். ஞானம் வரும்போது அவருக்குக் கண்ணாடி தேவைப்படாது.

"இது கழுத்து வருத்தம் இல்லைக் காணும். ஒரு சாமானுக்குத் தன்ரை பாஷையில பேர் தெரியாட்டில் மனுசனுக்கு அதில நம்பிக்கை வராது. நம்பிக்கை இல்லாத இடத்தில நித்திரை வராது. அவர் 'பில்லோ' எண்டு கேக்கிறது சாமானை இல்லை, பேரை. பில்லோவுக்கு ஜப்பானில என்ன சொல் எண்டு நாங்கள் கண்டு சொன்னால் மனுசன் நிம்மதியாய்க் கிடப்பார்."

"நேரா அவர்கிட்டயே கேட்டுட்டா என்ன, தலைவரே? கதவு அங்கதான இருக்கு," என்றான் முனுசாமி.

சபையின் சரித்திரத்தில் அப்படியொரு யோசனையை யாரும் முன்வைத்ததில்லை.

"கேக்கிறதோ? நீர் என்ன கதைக்கிறீர்? கேட்டால் எங்களுக்குத் தெரியாதெண்டு அவருக்குத் தெரிஞ்சு போடுமே!"

சிரிக்காதீர்கள். எங்கள் தலைமுறை இந்த நாட்டில் உத்தியோகம் பார்த்த வித்தை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. துரை ஏதோ சொல்வார். விளங்காது. விளங்கவில்லை என்று கேட்டவன் கடைசிவரை கோப்புத் தூக்கினான். தலையசைத்தவன் பெரிய கிளார்க்கு ஆனான். எது விளங்கவில்லை என்பது ஓய்வுபெறும் நாளில்கூட வெளியே வராது. மாலையும் கைக்கடிகாரமும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

"உங்க சபையும் நீங்களும்," என்று எழுந்தாள் அக்கா. "எப்படியோ அந்த மனுசனை நிறுத்துங்க. அந்தப் பிரம்புக்காரன் இன்னொரு வாட்டி என்னைக் கும்பிட்டான்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்."

நான் தலை வைத்த இடங்கள்

அன்று அச்சகத்தில் பிழைகள் என் கண்ணில் படவில்லை. தலையணைகள்தான் வந்துகொண்டிருந்தன.

கப்பல் மேல்தட்டில் தகரப்பெட்டி. அதன் கைப்பிடி ஒரு கன்னத்தில் பதிந்த தடத்தோடுதான் நான் இந்த நாட்டு மண்ணில் இறங்கினேன். கிள்ளானுக்கு வடக்கே மேரு பக்கத்துத் தோட்டத்தில், கங்காணியாக இருந்த தாய்மாமன் வீட்டில் ரப்பர்க் கட்டை ஒன்று. மாமன் தலை பட்டுப் பட்டு அதில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் படுத்தால் மாமனுடைய கவலைகள்தான் கனவில் வரும். பிறகு அச்சகத்து மூலையில், விற்காமல் திரும்பி வந்த பத்திரிகைக் கட்டு. என் வசன கவிதைகள் யாருக்காவது பயன்பட்டது அங்கேதான் முதலில்.

அக்கா வீட்டுக்கு வந்த அன்று இலவம்பஞ்சில் தலை வைத்தேன். தலை உள்ளே போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. ஊர், பெயர், வயது எல்லாம் அதில் அமிழ்ந்தன. அப்படிப்பட்ட தலையணையை ஒரு மனிதன் வேண்டாம் என்பானா? பெயர் தெரியாததால்தான் இருக்கும். நானும் தலைவரின் கட்சிக்கு வந்துவிட்டேன்.

கிள்ளானுக்குத் தூது

கோலாலம்பூரிலேயே நாலைந்து ஜப்பான் கடைகள் இருந்தன. ஆனால் அங்கே போய்க் கேட்டால் நாங்கள் கேட்டது ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே கோட்டுப் போட்டுக்கொண்டு, ஞாயிறு ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். ஜன்னலில் கரித்தூள், தலைவரின் வெள்ளைக் கோட்டில் ஒவ்வொரு தூளாக வந்து குந்தியது. அவர் ஒவ்வொன்றாகச் சுண்டினார்.

ஆற்றுக்குப் பக்கத்தில் ஜப்பான்காரர் ஒருவரின் படம் பிடிக்கும் கடை. கிழவர். மலாய் தெரியும், எங்கள் தலைவரைவிட நன்றாக. ஆனால் தலைவர் சொல் ஆராய்ச்சியைச் சந்தைப் பேச்சான பாசார் மலாயில் நடத்த மறுத்தார். கண்ணியமாக, இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் காட்டினார்.

கிழவரின் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றினார். உள்ளே போய்க் கறுப்புக் கோட்டோடு வந்து எங்கள் மூவரையும் தனித்தனியாக வணங்கினார். யார் வீட்டில், எப்போது என்று கண்ணாலேயே கேட்டார்.

"சாவுன்னு நெனச்சிட்டாரு, தலைவரே! பொணத்தைப் படம் புடிக்கக் கூப்பிடறோம்னு நெனச்சிட்டாரு!"

"சாவில்லை எண்டு காட்டும்!"

முனுசாமி அங்கிருந்த சாய்வு சோபாவில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடினான். கிழவர் இன்னும் துக்கத்தோடு விளக்கைத் திருப்பி வைத்தார். நான் பாய்ந்துபோய் அவன் பக்கத்தில் நின்று குறட்டை விட்டேன். கவிதைக்கு வெளியே நான் செய்த ஒரே கலைப்பணி அது.

கிழவர் நின்றார். பார்த்தார். முனுசாமியின் தலைக்கடியில் கையை விட்டுத் தட்டினார்.

"மக்குரா?"

"மக்குரா!" என்றோம் மூவரும், புதையல் எடுத்தவர்களைப் போல.

"முதல் மூணு எழுத்து நம்ம சபைக்கே பொருந்துது," என்றான் முனுசாமி. தலைவர் கேட்காததுபோல இருந்தார்.

கிழவர் தூரிகையை எடுத்து எழுதியும் கொடுத்தார். ஒரே ஓர் எழுத்து. ஒரு மரமும், அதன் பக்கத்தில் காலைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆளும் போல இருந்தது. இவ்வளவு தூரம் வந்து ஒற்றை எழுத்தோடு போவதா என்று தலைவருக்கு மனத்தாங்கல். மிச்சத்தை விரலால் கேட்டார். கிழவர் அவ்வளவுதான் என்று கையை விரித்தார்.

பிறகு கிழவர் ஒரு காரியம் செய்தார். இல்லாத ஒரு பையை இரண்டு கையாலும் தூக்கிக் காதோரம் வைத்துக் குலுக்கினார். "சர சர," என்றார். புருவத்தை உயர்த்தி எங்களைக் கேட்டார்: அதுதானே?

விளங்கவில்லை. கனகசபை மெதுவாகவும் நிறைவாகவும் தலையசைத்தார். பெரிய கிளார்க்கின் தலையசைப்பு.

சொல்லை வாங்கிக்கொண்டு சும்மா வரக் கூடாது என்று மூவரும் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எதையோ கண்டுபிடித்துவிட்ட மூன்று முகங்கள்.

மாலையோடு ஒரு தலையணை

நம் ஆட்கள் ஒரு சொல்லைக் கண்டுபிடித்தால் அதை ஓசையில்லாமல் ஒருவர் காதில் சொல்லிவிட்டுப் போவார்களா? கூட்டம் போட்டோம். சாப்பாட்டு மேசைக்கு வெள்ளை விரிப்பு. மாலை, சந்தனம், எலுமிச்சம்பழம். என் அச்சகத்தில் தங்க மையில் அடித்த வரவேற்புப் பத்திரம். அதில் "உதயசூரிய நாட்டின் பல்காவலரே" என்ற வரி என்னுடையது.

அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து பழைய உறையின் குட்நைட்டைப் பிரித்தாள். கிளிகளை மட்டும் விட்டுவிடலாம் என்றாள், தலைவர் ஒப்பவில்லை. கிளி போன இடத்தில், நீல நூலில், மரமும் ஓடும் ஆளும் வந்தார்கள்.

மொரிதாவை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, பத்திரம் வாசித்து, தலையணையை அவர் மடியில் வைத்தோம். பிறந்த பிள்ளையை முதன்முதலாக வாங்கும் தகப்பனைப் போல அவர் அதை ஏந்திக்கொண்டார். எழுத்தைப் பார்த்தார். அக்கா அதைப் படுக்கைவாட்டில் தைத்திருந்தாள். படிக்க வேண்டுமானால் தலையை வலப்பக்கம் சாய்க்க வேண்டும். அவருக்கோ இடப்பக்கம்தான் சாயும்.

முழுச் சபையும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் கழுத்தைத் திருப்பினார். ஏதோ 'களுக்' என்றது.

"மக்குரா," என்றார். கண் கலங்கியிருந்தது. நன்றியா வலியா, எனக்கு இன்றும் தெரியாது.

நாங்கள் கை தட்டினோம். முனுசாமி நன்றியுரை சொன்னான். உள்ளே இருந்தது அதே இலவம்பஞ்சு.

மறுநாள் காலை மொரிதா மேசைக்கு வந்தார். தலை இடது தோளில். இட்லியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்த சுவரைப் பார்த்தார். "தேங்க்யூ," என்றார். முன்னறையில் அவருடைய தகரப்பெட்டி திறந்து கிடந்தது. துணிகள் மடித்து உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஞாயிறன்று பிரம்புக்காரன் வந்து நின்றான். இந்த முறை கையில் அளவு நாடா.

காணாமற்போன உமி

அந்த வாரத்தில்தான் உமி காணாமற்போயிற்று.

எங்கள் மெஸ்ஸில் பல் துலக்க உமிக்கரிதான். தெலுக் பங்லிமா காராங் பக்கத்திலிருந்து வரும் முட்டைக்காரர், முட்டை உடையாமலிருக்க உமியில் புதைத்துக் கொண்டுவருவார். முட்டை எடுத்த பிறகு மிஞ்சும் உமியை அக்கா அலசிக் காயவைத்து, ஒரு சாக்கில் கட்டி, சமையற்கட்டு ஆணியில் மாட்டுவாள். சனிக்கிழமை அதை மூட்டம் போட்டுக் கரியாக்கி, உப்பும் கிராம்பும் சேர்த்து இடித்துத் தருவாள். அதில் துலக்கினால் வாயில் ஒரு சின்ன அடுப்பு அணைந்த ருசி.

மொரிதாவுக்கு அதைக் கண்டால் ஆகாது. வந்த புதிதில், கறுத்த வாயோடு நின்ற முனுசாமியைப் பார்த்து அவர் வெளிறிப்போனதும், தன் பல்லைத் தொட்டு, விரலை அரம்போல ஆட்டி, "நோ, நோ" என்று கெஞ்சியதும் எல்லோருக்கும் நினைவிருந்தது.

சனிக்கிழமை அக்கா சாக்கை எடுக்கப் போனாள். ஆணி இருந்தது. சாக்கு இல்லை.

"தெரியலையா? பல் டாக்டர் வேலைதான்!" என்று குதித்தான் முனுசாமி. "நாம உமிக்கரியில தேச்சா பல்லு கெடாது. கெடலைன்னா அவருக்கு யாபாரம் ஏது? நம்ம பல்லைக் கெடுத்து நம்மகிட்டயே பிடுங்கப் பாக்கறாரு!"

"அவரே பெட்டி கட்டிட்டாரு. இதுல எங்க யாபாரம்?" என்றாள் அக்கா.

"போறபோது கெடுத்துட்டுப் போறாரு, அக்கா!"

கனகசபை கண்ணாடியைக் கழற்றினார். அவசரக் கூட்டம் கூடியது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே நாட்களில் பின்கட்டு முழுவதும் இலவம்பஞ்சு பறந்தது. கொடியில் காய்ந்த வேட்டியில், சாக்கடை நீரில், கோழிகளின் கொண்டையில், கனகசபையின் பைசிக்கிள் ஆசனத்தில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக. நாங்கள் மூவரும் பார்த்தோம். காய் வெடிக்கும் பருவம் என்றார் தலைவர். நான் ஜன்னலில் உட்கார்ந்து, "வேரறுந்த வெண்மையே, உன் வீடு எது?" என்று ஆரம்பித்து ஒரு வசன கவிதை எழுதினேன். இதே பத்திரிகையில் வந்தது. பலர் பாராட்டினார்கள். வீடு எது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மொரிதாவின் தலை நிமிர்ந்திருந்ததையும் நாங்கள் பார்க்கவில்லை. கோபத்தில் அவர் முகத்தையே பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கண்டனம்

தீர்மானம் நல்ல இங்கிலீஷில் இருந்தது. கனகசபை எழுதினால் வேறெப்படி இருக்கும்? இச்சபை வருந்துகிறது, இச்சபை கண்டிக்கிறது, இச்சபை உடனே உமியைத் திருப்பித் தரக் கோருகிறது. ஞாயிறு காலை, கோட்டோடு, முன்னறை வாசலில் போய் நின்றோம்.

அக்கா குறுக்கே வந்தாள். "ஐயா, கும்பிட்டுக் கேக்கறேன். போறவரு மனசு நோகாம போகட்டும். உமி போனா போகுது. முட்டைக்காரரு அடுத்த வாரம் வருவாரு."

"இது உமி இல்லை ரோசம்மா. கொள்கை," என்றார் தலைவர்.

"கொள்கைக்கு நான் வாடகை கட்ட முடியுமா?"

அதற்குள் கதவு திறந்தது. எதிர்ப்பக்கத்து நடைபாதையில் பிரம்புக்காரன் எட்டிப் பார்த்தான். மொரிதா எங்கள் கோட்டுகளையும் தலைவரின் கையிலிருந்த காகிதத்தையும் பார்த்தார். இன்னொரு வரவேற்புப் பத்திரம் என்று நினைத்துக்கொண்டார், முகம் மலர்ந்தது. உடனே கையைக் கட்டித் தலை குனிந்து, மாலைக்குக் கழுத்தைக் கொடுத்தபடி நின்றார்.

நேரான கழுத்து.

கனகசபை வாசித்தார். ஒவ்வொரு கண்டனத்துக்கும் மொரிதா ஒருமுறை வணங்கினார். அவர் நிமிர்ந்து நிமிர்ந்து குனியக் குனிய, தலைவரின் குரல் தளர்ந்துகொண்டே போயிற்று. குனிகிறவரை எப்படிக் கண்டிப்பது?

முடிந்ததும் மொரிதா "ப்ளீஸ்" என்று உள்ளே ஓடினார். அக்கா தைத்த நீல எழுத்து உறையோடு திரும்பி வந்தார். உறை பருத்து, இறுகி, சின்ன மூட்டை போல இருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கிக் கனகசபையின் காதோரம் வைத்துக் குலுக்கினார்.

சர சர. சர சர.

பஞ்சு பறக்கும் பின்கட்டை நோக்கி விரலை நீட்டினார். "பில்லோ," என்றார், வேண்டாம் என்று தலையை ஆட்டி. பிறகு கையிலிருந்ததைத் தட்டினார். "மக்குரா."

உறையின் ஓரத் தையலிலிருந்து ஓர் உமி உதிர்ந்து அக்காவின் கால்விரலில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். விரலில் தேய்த்தாள். மோந்து பார்த்தாள்.

"அடப்பாவி மனுசா! என் உமி!"

இடுப்புச் சாவிக்கொத்து கலகலக்கச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முனுசாமி வாங்கித் தன் காதில் வைத்துக் குலுக்கினான். நான் வாங்கிக் கன்னத்தில் வைத்தேன். தலை உள்ளே போகவில்லை. தலையை அது தாங்கிக்கொண்டது. வெயிலில் காய்ந்த களத்துமேட்டின் வாசனை.

கிள்ளான் கிழவர் காதோரம் குலுக்கிக் கேட்டாரே, உமி அடைத்த அதுதானே என்று. நாங்கள் தலையசைத்தோமே.

கனகசபைதான் முதலில் சுதாரித்தார். அதுதான் தலைமை. கையிலிருந்த கண்டனத்தை நாலாக மடித்தார். தொண்டையைச் செருமினார்.

"எங்கடை மொழிபெயர்ப்புச் சரி எண்டு இப்ப உறுதியாயிட்டுது," என்றார். "நன்றியுரை, முனுசாமி."

மொரிதாவின் தகரப்பெட்டி அன்றே கட்டிலுக்கடியில் போயிற்று. அக்கா தெருவைப் பார்த்து, நடைபாதையில் நின்றவனுக்கு இரண்டு கையையும் கூப்பி நீண்டதொரு கும்பிடு போட்டாள். பிரம்புக்காரன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனான்.

ஆணியில் ஒரு சாக்கு

பல வருஷம் இருந்தார் மொரிதா. மலாய் வந்தது, தமிழ் கொஞ்சம் வந்தது, "அக்கா, சோறு" என்று கேட்கும் அளவுக்கு. முட்டைக்காரரிடம் அக்கா உமி கூடுதலாகக் கேட்டு வாங்கினாள்: மேல்சாக்கு பல்லுக்கு, கீழ்ச்சாக்கு தலைக்கு. ரப்பர் விலை மெல்ல எழுந்தது. மேசையில் மறுபடி முழங்கைகள் இடித்தன.

அப்புறம் சீனாவில் ஜப்பானோடு சண்டை என்று பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன. நானே பிழை திருத்தினேன். ஊரில் ஜப்பான் கடைகளுக்குள் நுழைகிறவர்களைச் சீனர்கள் முறைத்துப் பார்த்தார்கள். தாவுக்கே முன்னறைப் பக்கம் திரும்பாமல் பின்வாசல் வழியாக வந்து வாடகை வாங்கிக்கொண்டு போனார். நாற்காலியில் "ஆ" என்று சாய ஆளில்லை.

ஒரு காலை மொரிதா மேசைக்கு வந்து எல்லோரையும் வணங்கினார். அந்தத் தடவை "பில்லோ" என்று சொல்லவில்லை. எந்தச் சொல்லும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, இந்த முறை எங்களுக்கு விளங்கியிருந்தது.

அவர் போன பிறகு அக்கா அறையைப் பெருக்கப் போனாள். நீல எழுத்து உறையை அவர் எடுத்துப் போயிருந்தார். உமியை எடுத்துப் போகவில்லை. ஒன்றும் சிந்தாமல் அவளுடைய பழைய சாக்கில் கொட்டி, வாய் கட்டி, சமையற்கட்டில் அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

அந்த வாரம் முட்டைக்காரர் வரவில்லை. சனிக்கிழமை கரிப்பானை காலி.

"சாக்குல உமி இருக்கே, அக்கா. மூட்டம் போடலையா?" என்றேன்.

"அதையா?" திரும்பிப் பார்த்தாள். "இத்தனை வருசம் ஒரு மனுசன் தலை வெச்சுப் படுத்தது தம்பி அது. கொளுத்திப் பல்லுல தேய்க்கச் சொல்றியா?"

முட்டைக்காரர் வந்த பிறகும் அவள் மூட்டம் போடவில்லை. அந்தச் சாக்கு ஆணியை விட்டு இறங்கவில்லை. மற்றொரு ஆணி அடிக்கவும் அவளுக்கு மனமில்லை. நாங்கள் ஒவ்வொருவராகக் கடைப் பற்பொடிக்கு மாறினோம். ஆக, எங்களை உமிக்கரியை விட வைத்துவிட்டார் என்று முனுசாமி அந்தச் சனிக்கிழமை சுமத்திய குற்றம் கடைசியில் மெய்யாயிற்று.

பற்பொடி ரோஜா நிறம். நன்றாக நுரைக்கிறது. அடுப்பு அணைந்த ருசி மட்டும் இல்லை.